சக்கரம் கழன்றதைப் பார்த்தவர்



2021ஆம் ஆண்டு மே 6ஆம் நாள். மேற்கு வங்கத்தின் பாக்டோக்ராவிலிருந்து மும்பைக்கு ஒரு நோயாளியை ஏற்றிச் சென்ற சிறிய விமானம் வழியில் நாகபுரியில் இறங்கியது. பீச்கிராஃப்ட் கிங் ஏர் வகை விமானம் அது. இரண்டு எஞ்சின்கள் கொண்டது. எரிபொருள் நிரப்பிக்கொண்டு மீண்டும் கிளம்பி, ஓடுபாதையில் ஓடி மேலே எழும்பும்போது அதன் சக்கரங்களில் ஒன்று கழன்று தரையில் விழுந்துவிட்டது. விமானமோ ஆகாயத்தில்! உள்ளே நோயாளியையும் சேர்த்து ஐந்து பேர்.

அன்றிரவு ஒன்பது மணியளவில் அது மும்பையில் இறங்கியது. விமானி சக்கரங்களை நீட்டவே இல்லை. நுரை பரப்பிய ஓடுபாதையில் விமானத்தின் வயிற்றை வைத்தே இறக்கினார். ஐந்து பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் செய்திகளில் "அதிசயம்" என்ற சொல் தாராளமாகப் புழங்கியது. விமானியின் சமயோசிதத்தை எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு "அதிசயம்" என்ற சொல்லைக் கேட்டாலே கொஞ்சம் சங்கடமாக இருக்கும். எங்கே கணக்குப் போட வேண்டுமோ, அந்த இடத்தில் அந்தச் சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கணக்கை நாம் போட்டுப் பார்ப்போமே.

விமானத்தின் எடையை 4,000 கிலோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது அதன் வேகம் மணிக்கு 180 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 50 மீட்டர். இது முன்னோக்கிய வேகம். கீழ்நோக்கிய வேகம் எவ்வளவு இருக்கும்? நல்ல விமானி விநாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் போகவிடமாட்டார். இயக்க ஆற்றலின் சூத்திரம் உங்களுக்குத் தெரியும்: நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். கீழ்நோக்கிய இயக்கத்தின் ஆற்றல் 2,000 ஜூல். முன்னோக்கிய இயக்கத்தின் ஆற்றல் 50 இலட்சம் ஜூல். ஒன்றைப்போல் மற்றது 2,500 மடங்கு!

சக்கரம் இல்லாவிட்டால் விமானம் "தொப்"பென்று விழுந்து நொறுங்கிவிடும் என்று நாம் பயப்படுகிறோம். அந்தப் பயம் தப்பான இடத்தில் இருக்கிறது. பெரிய பயணி விமானங்களின் கால்கள் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டாலும் தாங்க வேண்டும் என்பது விதி. எவ்வளவு உயரத்திலிருந்து குதித்தால் அந்த வேகம் வரும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 45 சென்டிமீட்டர்! உங்கள் வகுப்பறை பெஞ்சின் உயரம்தான். உண்மையான சிக்கல், அந்த 50 இலட்சம் ஜூலை எங்கே கொண்டுபோய்ச் செலவழிப்பது என்பதே. பதினேழு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான ஆற்றல் அது. வழக்கமாகச் சக்கரத்தின் பிரேக்குகள் அதை வெப்பமாக்கி வாங்கிக்கொள்கின்றன. சக்கரம் இல்லாதபோது, விமானத்தின் அடிவயிற்றுத் தகடும் ஓடுபாதையும் உரசி வாங்கிக்கொள்கின்றன. உராய்வு எண்ணை 0.4 என்று எடுத்துக்கொண்டால், சுமார் 320 மீட்டர் சறுக்கிக்கொண்டுபோய் விமானம் நின்றுவிடும். மும்பையின் அந்த ஓடுபாதை மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. இடத்துக்குப் பஞ்சமில்லை.

மிச்சமிருந்த சக்கரங்களையாவது நீட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தள்ளுவண்டியின் ஒரு பக்கச் சக்கரம் மணலில் புதைந்தால் வண்டி என்ன செய்கிறது? அந்தப் பக்கமே திரும்புகிறது. ஒரு பக்கம் சக்கரம் உருள, மறு பக்கம் வெறுங்கால் தரையைக் கீற, விமானம் திருகப்பட்டு ஓடுபாதையை விட்டே போய்விடக்கூடும். அதைவிட உடல் முழுவதும் ஒரே சீராக உரசுவது நல்லது. விசிறிகள் தரையில் மோதி வளையும். பழுதுபார்க்கப் பெரும் செலவாகும். ஆகட்டுமே! (நுரை பரப்புவதைப் பற்றி ஒரு வார்த்தை. அது மெத்தை போல விமானத்தைத் தாங்குவதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். தீப்பொறியைத் தணிப்பதற்கே அது. அதன் பயன் பற்றி வல்லுநர்களிடையே கருத்து வேற்றுமையும் உண்டு.)

இறங்குமுன் எரிபொருளைக் குறைத்துக்கொள்வதும் இதே கணக்கில் சேர்ந்ததுதான். 2024 அக்டோபர் 11ஆம் நாள் மாலை, திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறு காரணமாக இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வானில் வட்டமடித்ததும், பிறகு நல்லபடியாகத் திருச்சியிலேயே இறங்கியதும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வீட்டில் தொலைக்காட்சியின் முன் எல்லோரும் கைகூப்பிக்கொண்டிருந்தபோது, அந்த விமானம் தன் எடையைக் குறைத்துக்கொண்டிருந்தது.

இவ்வளவு தொல்லை எதற்கு, கால்களை மடக்காமலே வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றுகிறதல்லவா? அப்படி வைத்துக்கொள்ளும் விமானங்கள் உண்டு. ஒன்று நமக்குப் பக்கத்திலேயே வந்து போயிருக்கிறது. கம்பத்திலிருந்து மலையேறிக் குமுளியைத் தாண்டினால் வண்டிப்பெரியாறு. அதன் அருகே சத்திரம் என்னும் இடத்தில் தேசிய மாணவர் படைக்காக 650 மீட்டர் நீள ஓடுபாதை ஒன்று அமைத்திருக்கிறார்கள். 2022 டிசம்பர் 1ஆம் நாள் 'வைரஸ் எஸ்.டபிள்யூ. 80' என்ற குட்டி விமானம் முதல்முறையாக அங்கே இறங்கியது. அதே ஆண்டில் அதற்கு முன் முயன்றபோது இறங்க முடியாமல் திரும்பியிருந்தது. அதன் மூன்று கால்களும் எப்போதும் நீட்டியபடியே இருப்பவை. மடக்காத கால், மாட்டிக்கொள்ளாத கால். ஆனால் காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுகிறது. வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்கு. ஆகவே விரைந்து பறக்க வேண்டிய விமானம் கால்களை மடக்கித்தான் ஆக வேண்டும். மடக்கினால், நீட்டுவதற்கு ஒரு வழி வேண்டும். அந்த வழி அடைபட்டால் இன்னொரு வழி வேண்டும்.

இந்த "இன்னொரு வழி"தான் விமானப் பொறியியலில் என்னை மிகவும் கவர்வது. ஹைட்ராலிக் எண்ணெய் வற்றிவிட்டதா? பல விமானங்களில் பூட்டை விடுவித்தால் போதும், கால்கள் தம் சொந்த எடையாலேயே கீழே இறங்கிப் பூட்டிக்கொள்ளும். புவியீர்ப்பு என்றைக்கும் பழுதாவதில்லை அல்லவா! சில சிறு விமானங்களில் கைப்பம்பு இருக்கும். நம் ஊர்க் குழாயை அடிப்பதுபோல் விமானி அடித்து அடித்துக் கால்களை இறக்குவார். கால்கள் பூட்டிக்கொண்டதும் விமானியின் முன்னே பச்சை விளக்குகள் எரியும். காலுக்கு ஒன்று.

இரண்டாவது வழியும் சில வேளை கைவிடும். 2011 நவம்பர் 1ஆம் நாள் அமெரிக்காவின் நெவார்க்கிலிருந்து போலந்தின் வார்சாவுக்கு 231 பேருடன் வந்த போயிங் 767 விமானத்தில் ஹைட்ராலிக் எண்ணெய் ஒழுகிப் போயிற்று. மாற்று வழி மின்சாரத்தால் இயங்குவது. அதுவும் வேலை செய்யவில்லை. வயிற்றாலேயே இறக்கினார்கள், ஒருவருக்கும் காயமில்லை. பிறகு விமானத்தைத் தூக்கி நிறுத்தி ஆராய்ந்தபோது, மாற்று அமைப்புக்கு மின்சாரம் தரும் ஒரு சர்க்யூட் பிரேக்கர் வெளியே வந்திருந்தது தெரிந்தது. உங்கள் வீட்டு மெயின் பலகையில் "டிரிப்" ஆகிறதே, அதைப் போன்ற சமாச்சாரம். அதை உள்ளே அழுத்தி மின்சாரம் கொடுத்ததும் கால்கள் சமர்த்தாக இறங்கின!

1972 டிசம்பர் 29 இரவு நடந்தது இப்படிச் சிரிக்கக்கூடியது அன்று. அமெரிக்காவின் மியாமியில் இறங்கவிருந்த ஈஸ்டர்ன் நிறுவனத்தின் விமானத்தில் மூக்குச் சக்கரத்துக்கான பச்சை விளக்கு எரியவில்லை. விமானி அறையில் இருந்தவர்கள் எல்லோரும் அந்த விளக்கைப் பற்றியே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இதற்கிடையில் விமானம் மெல்ல மெல்லத் தாழ்ந்து வந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. சதுப்பு நிலத்தில் மோதி 101 பேர் இறந்தார்கள். சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது. பழுதானது பல்பு!

சரி, மீண்டும் நாகபுரிக்கு வருவோம். நான் எழுத வந்ததே இனிமேல் சொல்லப்போவதைத்தான்.

விமானி அமர்ந்திருப்பது முன்னால். சக்கரங்கள் இருப்பது அவருக்குப் பின்னால், கீழே. சக்கரம் கழன்றதை அவர் தம் கண்ணால் பார்க்க வழியே இல்லை. அதைப் பார்த்தவர் தரையில் காவல் பணியில் இருந்த மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர். பார்த்தவர் உடனே தகவல் கொடுத்தார். அந்தத் தகவல் கிடைக்காதிருந்தால்? விமானி வழக்கம்போல் கால்களை நீட்டியிருப்பார். கால் நன்றாகவே நீண்டு பூட்டிக்கொண்டிருக்கும். பச்சை விளக்கும் எரிந்திருக்கும். அந்த விளக்கு காலைப் பற்றித்தான் சொல்லும், சக்கரத்தைப் பற்றிச் சொல்லாது. 180 கிலோமீட்டர் வேகத்தில் வெறுங்கால் தரையைத் தொட்டிருக்கும்.

2025 செப்டம்பர் 12ஆம் நாள் குஜராத்தின் காண்ட்லாவிலும் இப்படியே நடந்தது. 70க்கும் மேற்பட்ட பயணிகளோடு மும்பைக்குக் கிளம்பிய விமானத்திலிருந்து கறுப்பாக ஏதோ விழுவதைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் பார்த்தார். தேடியபோது ஓடுபாதையருகே சக்கரம் கிடந்தது. அந்த வகை விமானத்தில் ஒவ்வொரு பக்கக் காலுக்கும் இரட்டைச் சக்கரம். ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சியது. மும்பையில் பத்திரமாக இறங்கியது.

பார்த்தவர் சொன்னார். இது பெரிய காரியமா என்று நினைக்கிறீர்களா? பெரிய காரியம்தான். நான் ஒருமுறை பார்த்தும் சொல்லாமல் இருந்தவன்.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் சித்தி போடியிலிருந்து ஏலத் தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய்வருவார். போடி, தேவாரம், கம்பம், கூடலூர் பக்கத்து மாணவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப்புக்குக் காத்து நிற்கும் அம்மாக்களும் அத்தைகளும் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். கோடை விடுமுறையில் ஒருநாள் நானும் தொற்றிக்கொண்டேன். முந்தலில் தேநீருக்கு நிறுத்தினார்கள். நான் ஜீப்பைச் சுற்றி வந்து வேடிக்கை பார்த்தேன். பின் சக்கரத்தில் ஐந்து நட்டுகளில் ஒன்றைக் காணோம். இன்னொன்றைச் சுற்றித் துருக் கோடு ஒழுகியிருந்தது. ஓட்டுநர் அண்ணனிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் யாரிடமோ வாடகைக் கணக்கில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "சின்னப் பயலுக்கு என்னடா தெரியும்?" என்பார் என்று தோன்றியது. ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். நான்கோ ஐந்தோ தாண்டியிருப்போம். சக்கரம் எங்களை முந்திக்கொண்டு உருண்டு போனது. ஜீப் மலைப் பக்கம் சாய்ந்து நின்றதால் இன்று இதை எழுதுகிறேன். மறுபக்கம் சாய்ந்திருந்தால்... சித்திக்கு மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் கூலியில்லை. நான் பார்த்ததை அவரிடம் சொல்ல எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. "அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு நட்டு இல்லாவிட்டால் அப்படி என்ன குடிமுழுகிவிடும்? மீதி நான்கு இருக்கிறதே? இங்கேதான் இயற்பியல் வருகிறது. ஜீப்பின் எடையை அந்த போல்ட்டுகள் நேரடியாகச் சுமக்கின்றன என்று நாம் நினைக்கிறோம். நட்டை இறுக்கும்போது போல்ட்டு இழுபட்ட சுருள்வில்லைப் போல் மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கிறது. சக்கரத்தை அச்சின் முகப்போடு சேர்த்து நெரிக்கிறது. அந்த நெரிப்பால் உண்டாகும் உராய்வுதான் சுமையைத் தாங்குகிறது. நட்டு தளர்ந்தால் நெரிப்பு போய்விடும். சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் மயிரிழை நகரும். போல்ட்டு ஒரு தரம் வளைந்து நிமிரும். ஜீப் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 450 முறை சுற்றும். பத்து கிலோமீட்டரில் 4,500 வளைவுகள். ஒரு கம்பித் துண்டைக் கையில் எடுத்து மடக்கி மடக்கி நிமிர்த்திப் பாருங்கள், எத்தனையாவது முறையில் ஒடிகிறது என்று. இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். ஒரு போல்ட்டு ஒடிந்தால் அதன் சுமையும் மற்றவற்றின் தலையில் விழுகிறது. அவை இன்னும் விரைவாகச் சோர்கின்றன.

நான் பார்த்த துருக் கோடு, தளர்ந்த நட்டு உரசி உரசி வெளிவந்த இரும்புத் தூள் துருவேறி வழிந்தது. சக்கரம் தன் கோளாறைத் தானே எழுதி வைத்திருந்தது. படித்த ஒரே ஆள் பேசாமல் இருந்துவிட்டான்.

ஓட்டுநர்களைக் குறை சொல்லி முடித்துக்கொள்வது எளிது. நான் அதற்கு உடன்படமாட்டேன். விடியுமுன் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, இடையில் கிடைத்த சுமை என்று ஓடுகிறவருக்கு, கோளாறு என்று சொன்னால் அன்றைய வருமானம் போயிற்று. ஆகாய விமானத்தில் கோளாறு என்று சொல்பவரைப் பாதுகாக்க ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நம் நாட்டில் 2012 முதல் விமான விபத்துப் புலனாய்வுக்கென்று தனி அமைப்பு இருக்கிறது. உலக நாடுகள் ஒப்புக்கொண்ட விதியின்படி அதன் வேலை, மறுபடி நடக்காமல் தடுப்பது. யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது அதன் வேலையன்று. கழன்ற சக்கரத்தை எடுத்துவைத்து, ஏன் கழன்றது என்று எழுதி வெளியிடுகிறார்கள். அதைப் படித்து உலகின் வேறு மூலையில் ஒரு மெக்கானிக் தன் விமானத்தைப் பார்க்கிறார். நம் மலைச் சாலையில் ஜீப் கவிழ்ந்தால்? ஓட்டுநர் மேல் வழக்கு, நாளேட்டில் நான்கு வரி. அந்தச் சக்கரம் ஏன் கழன்றது, எந்த நட்டு, எத்தனை நாளாகத் தளர்ந்திருந்தது என்று ஒரு பக்க அறிக்கை நம் கையில் கிடைப்பதுண்டா? எனக்குத் தெரிந்து ஓட்டுநர்கள் தேநீர்க் கடையில் பேசிக்கொள்வதோடு சரி. விமானத்தில் போகிறவர் உயிருக்கு ஒரு கணக்கு, ஏலத் தோட்டத்துக்குப் போகிறவர் உயிருக்கு ஒரு கணக்கா? அந்த ஒரு பக்க அறிக்கையைக் கேட்க நமக்கு உரிமை உண்டு என்பது என் கட்சி.

நம் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் இதில் பங்கு இருக்கிறது. என் ஆய்வகத்தில் ஆண்டுதோறும் தனி ஊசல் சோதனை செய்யச் சொல்கிறேன். முப்பது பேருக்கும் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வருகிறது, தசமம் பிசகாமல்! எப்படி என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். விடை தெரிந்த பிறகு அளவுகளை எழுதிக்கொள்கிறார்கள். ஒரு மாணவி மட்டும் 9.31 என்று எழுதி, கண்ணில் நீரோடு கொண்டுவந்தாள். தோழிகள் "மாத்திக்கோடி" என்றார்களாம். ஊசலின் நீளத்தை 47.5 சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தாள். 97.5 சென்டிமீட்டருக்கு வைத்துச் செய்துபார் என்றேன், 9.56 வந்தது. நீளம் கூடக் கூட விடை ஏன் நெருங்கி வருகிறது என்று அவளே யோசித்துக் கண்டுபிடித்தாள்: நூலைக் குண்டின் கொக்கி வரைதான் அளந்திருக்கிறாள், குண்டின் நடுப்புள்ளி வரை அளக்கவில்லை. இரண்டரை சென்டிமீட்டர் விட்டுப்போயிற்று. அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன். மற்ற இருபத்தொன்பது பேருக்குக் கோபம்.

சென்ற மாதம் போடி ஜீப் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். கிளம்பத் தயாராக இருந்த ஒரு ஜீப்பின் முன் சக்கரத்தில் அதே துருக் கோடு. இந்த முறை போய்ச் சொன்னேன். "அண்ணே, அந்த நட்டைக் கொஞ்சம் பாருங்கண்ணே." உள்ளே இருந்த பெண்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். ஓட்டுநர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க மெக்கானிக்கா?" என்றார். பிறகு முனகிக்கொண்டே இறங்கி, இருக்கைக்கு அடியிலிருந்து ஸ்பானரை எடுத்து, குந்தி உட்கார்ந்து மாட்டித் திருப்பினார். முக்கால் சுற்று இறங்கியது. அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து அடுத்த சக்கரத்துக்குப் போனார்.